சிறிய ஃபுளோரின் கரிமச் சேர்மங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூவில் ஆரம்பித்து எம்.எஸ்சி. வரை வேதியியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். ஏசி சர்வீஸ் பார்க்கும் தம்பிகள் சிலரும் கேட்பார்கள். பாடமும் தொழிலும் வேறு வேறு என்றாலும், ஃபுளோரின் என்று வந்தால் இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். வெப்பநிலை எல்லாமே செல்சியஸில்.

1. ஃபுளோரின் கரிமச் சேர்மம்னா என்ன? நாம எங்கேயாவது பார்த்திருப்போமா?

கார்பனோடு ஃபுளோரின் நேரடியாகப் பிணைந்திருந்தால் அது இந்தக் குடும்பம். இங்கே ஒரு கார்பனிலிருந்து ஆறேழு கார்பன் வரை உள்ள சின்ன மூலக்கூறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டெஃப்லான் மாதிரி நீளமான பாலிமர்கள் தனிக் கதை.

கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் தினமும் பயன்படுத்துகிறீர்கள். வீட்டு ஏசியில் ஓடும் ஆர்-32, கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ, ஆபரேஷன் தியேட்டரில் மூச்சோடு கொடுக்கும் ஐசோஃபுளூரேனும் செவோஃபுளூரேனும் எல்லாம் இதே குடும்பம்தான். இயற்கை இவற்றை மிக அரிதாகவே செய்கிறது. அப்படிச் செய்யும் ஒன்றைப் பற்றி 14-ஆம் கேள்வியில் வருகிறது.

2. தர்மபுரி பக்கம் தண்ணியில ஃபுளோரைடு இருக்குன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் இருப்பது பாறையிலிருந்து கரைந்து வந்த ஃபுளோரைடு அயனி. பல்லில் கறை, எலும்பில் வலி என்று மக்களை வாட்டியது அதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த அயனி தண்ணீரில் தனியாக அலைகிறது, கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும்.

கரிமச் சேர்மத்தில் இருக்கும் ஃபுளோரின் கார்பனை விட்டு அசையாது. தண்ணீரில் போட்டாலும் அயனியாகப் பிரியாது. ஆகவே ஃபுளோரைடு அயனிக்கான சோதனையை நேரடியாகச் செய்தால் ஒன்றும் காட்டாது.

3. கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு மட்டும் ஏன் அவ்வளவு பலம்?

எலக்ட்ரான் கவர்தன்மையில் ஃபுளோரினை மிஞ்ச ஆளில்லை. பாலிங் அளவுகோலில் அதற்கு 3.98, கார்பனுக்கு 2.55. எலக்ட்ரான்கள் ஃபுளோரின் பக்கம் இழுபட, கார்பன் கொஞ்சம் நேர்மின் ஏறி நிற்கிறது. அந்த நேரும் எதிரும் ஒன்றையொன்று ஈர்ப்பதால், சகப்பிணைப்போடு அயனிப் பிணைப்பின் பலமும் பாதி சேர்ந்துகொள்கிறது. ஃபுளோரோமீத்தேனில் இந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் வேண்டும். குளோரோமீத்தேனில் கார்பன்–குளோரின் பிணைப்புக்குச் சுமார் 350 போதும்.

ஒரே கார்பனில் ஃபுளோரின்கள் சேரச் சேர ஒவ்வொரு பிணைப்பும் இன்னும் இறுகும். டெட்ராஃபுளோரோமீத்தேனில் ஒரு பிணைப்புக்குச் சுமார் 546 கிலோஜூல் தேவை. பிணைப்பு நீளமும் 1.39 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.32-க்குச் சுருங்கிவிடுகிறது. குளோரினில் இதற்கு நேர் எதிர்: கார்பன் டெட்ராகுளோரைடில் பிணைப்பு பலம் 300 அளவுக்கு இறங்கிவிடும். பருத்த குளோரின்கள் நெருக்கியடிக்கின்றன, ஃபுளோரின்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. கீழே வரும் பல பதில்கள் இதில்தான் நிற்கின்றன.

4. ஃபுளோரின் ஒவ்வொண்ணா கூடும்போது எடை கூடுது. அப்போ கொதிநிலையும் கூடிக்கிட்டே போகணும் இல்லையா சார்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். குளோரினில் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். மீத்தேன் மைனஸ் 161.5 டிகிரியில் கொதிக்கிறது. ஒரு குளோரின் வந்தால் மைனஸ் 24, இரண்டு வந்தால் 40, மூன்றில் குளோரோஃபாம் 61, நான்கில் கார்பன் டெட்ராகுளோரைடு 77. இப்போது அதே இடங்களில் ஃபுளோரினைப் போடுங்கள். ஒன்றுக்கு மைனஸ் 78, இரண்டுக்கு மைனஸ் 52, மூன்றுக்கு மைனஸ் 82, நான்குக்கு மைனஸ் 128. இரண்டு வரை ஏறுகிறது, பிறகு சறுக்குகிறது.

மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பவை இரண்டு. ஒன்று லண்டன் விசை. எலக்ட்ரான் மேகம் எவ்வளவு எளிதாக நெளிகிறதோ அவ்வளவு பலமாக இந்த விசை இருக்கும். ஃபுளோரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்திருப்பதால் அந்த மேகம் நெளிவதே இல்லை. அணுவின் முனைவுறும் திறனை எண்ணில் சொன்னால் ஹைட்ரஜனுக்கு 0.67, ஃபுளோரினுக்கு 0.56, குளோரினுக்கு 2.18 கன ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜனைவிட 19 மடங்கு கனமான அணு, ஒட்டுவதில் ஹைட்ரஜனைத் தாண்டவில்லை! எடையை வைத்துக் கொதிநிலையை ஊகிக்கும் பழக்கம் இங்கேதான் கவிழ்கிறது.

இரண்டாவது, இருமுனை ஈர்ப்பு. ஒரு ஃபுளோரினில் இருமுனை திருப்புத்திறன் 1.85 டிபை, இரண்டில் 1.97, மூன்றில் 1.65, நான்கில் பூஜ்யம், ஏனென்றால் நான்கு பக்கமும் சமமாக இழுத்து ரத்தாகிவிடுகின்றன. கொதிநிலை வரிசையும் ஏறக்குறைய இந்த எண்களின் பின்னாலேயே போவதைக் கவனியுங்கள். ஆக, ஃபுளோரின் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதோடு நிற்காமல், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

5. அப்போ ஒரே வாய்பாடு, இடம் மட்டும் மாறினா கொதிநிலை மாறுமா?

மாறும், ஆளையே அசத்தும் அளவுக்கு மாறும். டைஃபுளோரோஈத்தேனில் இரண்டு ஃபுளோரினும் ஒரே கார்பனில் இருந்தால் மைனஸ் 25-இல் கொதிக்கும் வாயு. கார்பனுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் அறை வெப்பநிலையை ஒட்டிக் கொதிக்கும் திரவம். இடையில் ஐம்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

பிரித்து வைத்ததில் இன்னொரு விசேஷமும் உண்டு. இரண்டு எதிர்மின் ஃபுளோரின்களும் எதிரெதிர்ப் பக்கம் விலகி நிற்கும் என்றுதான் யாரும் நினைப்போம். உண்மையில் அவை அருகருகே சாய்ந்த காஷ் வடிவத்தைத்தான் விரும்புகின்றன. பக்கத்துக் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் எலக்ட்ரான்கள், கார்பன்–ஃபுளோரின் பிணைப்பின் காலியான எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் கொஞ்சம் கசிகின்றன. அந்தக் கசிவு நன்றாக நடக்க காஷ் வடிவம்தான் வசதி. அந்த வடிவத்தில் இரண்டு இருமுனைகளும் ஒன்றோடொன்று கூடிக்கொள்வதால் மூலக்கூறுகள் இறுக்கமாக ஒட்டுகின்றன, கொதிநிலை ஏறுகிறது.

6. ஹைட்ரஜன் எல்லாத்தையும் எடுத்துட்டு முழுக்க ஃபுளோரினா போட்டா என்ன ஆகும்?

ஹெக்ஸேனை எடுத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை 86, கொதிநிலை 69. அதன் 14 ஹைட்ரஜனையும் ஃபுளோரினாக்கினால் வருவது பெர்ஃபுளோரோஹெக்ஸேன். எடை 338, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கொதிநிலையோ 57! 4-ஆம் பதிலில் சொன்ன நெளியாத எலக்ட்ரான் மேகம்தான் காரணம். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 12 மில்லிநியூட்டன் அளவுதான், தண்ணீருக்கு 72. அடர்த்தி மட்டும் 1.68, எடுத்தால் கை தாழும்.

ஒரு சோதனைக் குழாயில் பெர்ஃபுளோரோஹெக்ஸேன், தண்ணீர், ஹெக்ஸேன் மூன்றையும் மெதுவாக ஊற்றினால் மூன்று அடுக்காக நிற்கும். அடியில் ஃபுளோரின் திரவம், நடுவில் தண்ணீர், மேலே ஹெக்ஸேன். மூன்றும் நிறமற்றவை. ஃபுளோரின் திரவத்தின் ஒளிவிலகல் எண் 1.25-தான், தண்ணீரைவிடவும் குறைவு, அதனால் அடுக்குகளின் எல்லைக் கோட்டை விளக்கொளியில் தேடித்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஹெக்ஸேனையும் பெர்ஃபுளோரோஹெக்ஸேனையும் மட்டும் சேர்த்தால், 20 டிகிரியில் பிரிந்து நிற்கும், 25-ஐத் தாண்டினால் ஒன்றாகக் கலந்துவிடும். சூடாக்கிக் கலந்து வினை நடத்தி, குளிரவைத்துப் பிரித்து, வினையூக்கியைத் திரும்ப எடுக்கும் உத்தியை 1994-இல் ஹோர்வாத், ராபாய் இருவரும் முன்வைத்தது இந்த மாதிரி ஜோடிகளை நம்பித்தான்.

மூலக்கூறுகள் தளர்வாக நிற்பதால் வாயுக்கள் உள்ளே தாராளமாகக் கரையும். 100 மி.லி. தண்ணீரில் சுத்த ஆக்ஸிஜன் 3 மி.லி. அளவுக்குக் கரைந்தால், இந்தத் திரவங்களில் 40 மி.லி.க்கு மேல் கரையும். 1966-இல் லேலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும் ஆக்ஸிஜன் ஏற்றிய இப்படிப்பட்ட திரவத்தில் எலிகளை முழுக்கவே மூழ்கவிட்டார்கள். அவை திரவத்தையே மூச்சாக இழுத்து உயிரோடு இருந்தன.

7. ஃபுளோரின் இருந்தா ஹைட்ரஜன் பிணைப்பு வரும்னு புத்தகத்துல இருக்கே?

ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு அது சரி. அங்கே ஹைட்ரஜன் நேராக ஃபுளோரினோடு பிணைந்திருக்கிறது. கார்பனோடு சேர்ந்த ஃபுளோரின் வேறு: எலக்ட்ரான்களை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பதால் இன்னொரு ஹைட்ரஜனுக்கு நீட்ட அதற்கு மனம் வராது. ஏற்பியாக மிகமிகப் பலவீனம்.

ஆனால் பக்கத்தில் ஒரு ஓ–ஹெச் தொகுதி இருந்தால், அதன் ஹைட்ரஜனைக் கொடுக்கும் குணத்தை ஃபுளோரின் பலமடங்கு கூட்டிவிடும். அதை 11-இல் பாருங்கள்.

8. ஏசி கேஸ் நம்பரை வச்சு உள்ளே என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எண்ணோடு 90-ஐக் கூட்டுங்கள். வரும் மூன்று இலக்கங்கள் முறையே கார்பன், ஹைட்ரஜன், ஃபுளோரின். மிச்ச இடம் குளோரினுக்கு. ஆர்-32: கூட்டினால் 122, ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஃபுளோரின். ஆர்-22: 112, ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், இரண்டு ஃபுளோரின், மிச்ச ஓரிடத்தில் குளோரின். பழைய ஆர்-12: 102, ஹைட்ரஜனே இல்லை, இரண்டு ஃபுளோரின், இரண்டு குளோரின். ஆர்-134ஏ: 224. ஆர்-290: 380, ஃபுளோரினே இல்லை, சுத்தமான புரொப்பேன். புதுக் கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப்: 1324, முன்னால் நிற்கும் ஒன்று இரட்டைப் பிணைப்பைக் குறிக்கும். பின்னால் வரும் எழுத்து, எந்த ஃபுளோரின் எங்கே என்பதைச் சொல்வது. ஆர்-410ஏ போல 400-இல் தொடங்குபவை கலவைகள். அவற்றுக்கும் ஆர்-600ஏ-வுக்கும் இந்தக் கணக்குச் செல்லாது.

9. ஆர்-22 எரியாது, ஆர்-32 எரியும்னு கம்பெனி டிரெய்னிங்ல சொன்னாங்க. பிணைப்பு பலம்னா எரியவே கூடாதே சார்?

எரிவது கார்பன்–ஹைட்ரஜன் பக்கம். கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்: ஃபுளோரினும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜனைவிடக் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் எரியாது, சமமாகவோ குறைவாகவோ இருந்தால் எரியும். ஆர்-134ஏ-வில் ஹைட்ரஜன் இரண்டு, ஃபுளோரின் நான்கு, எரியாது. ஆர்-32-இல் இரண்டுக்கு இரண்டு, ஆகவே மெதுவாக எரியும். காற்றில் சுமார் 14 சதவீதம் சேர்ந்தால்தான் பற்றும். ஆர்-290-க்கு 2 சதவீதமே போதும். ஆர்-1234ஒய்எஃப் கணக்குக்கு அடங்காது, இரட்டைப் பிணைப்பு இருப்பதால் லேசாக எரியும்.

வேலை பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: எரியாத கேஸும் நெருப்பில் பட்டால் சிதையும். லைனில் மிச்ச கேஸ் இருக்கும்போது பிரேசிங் வைத்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், ஆர்-22 என்றால் ஹைட்ரஜன் குளோரைடும் ஃபாஸ்ஜீனும் சேர்ந்து வரலாம். மூக்கைக் குத்தும் காரமான வாடை வந்தாலே வெளியே வந்துவிடுங்கள். கேஸை முறையாக ரெகவரி செய்து, நைட்ரஜன் ஓடவிட்டு, காற்றோட்டம் வைத்துப் பிறகு பற்றவையுங்கள். பழைய ஹாலைடு டார்ச்சை வைத்து ஆர்-32 லீக் பார்க்கவே கூடாது. அந்தப் பச்சைச் சுடர் குளோரினுக்குத்தான் வரும், ஆர்-32-இல் குளோரினே கிடையாது. எரியும் கேஸுக்குப் பக்கத்தில் சுடரை நீட்டுவது மட்டும்தான் மிச்சம். சோப்பு நுரையும் எலக்ட்ரானிக் டிடெக்டரும் போதும்.

10. ஓசோனைக் கெடுத்தது ஃபுளோரின்தானே?

இல்லை, குளோரின். 1928-இல் தாமஸ் மிட்ஜ்லியும் ஆல்பர்ட் ஹென்னும் ஆர்-12-ஐக் குளிர்பதனத்துக்குக் கொண்டுவந்தபோது, அது அம்மோனியாவுக்கும் சல்ஃபர் டை ஆக்ஸைடுக்கும் பாதுகாப்பான மாற்றாக இருந்தது. எதோடும் வினைபுரியாத அந்தக் குணத்தாலேயே அது சிதையாமல் மேல் வளிமண்டலம் வரை போனது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு, பலவீனமான கார்பன்–குளோரின் பிணைப்பு உடைந்தது. விடுபட்ட குளோரின் அணு ஓசோனைத் திரும்பத் திரும்ப உடைக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தார்கள். இந்த வகைக் கேஸ்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. ஃபுளோரின் அணு விடுபட்டாலும் உடனே ஹைட்ரஜனைப் பிடித்து ஹைட்ரஜன் ஃபுளோரைடாகி அடங்கிவிடும், ஓசோன் பக்கம் திரும்புவதில்லை.

ஆனால் ஃபுளோரினுக்கு வேறொரு பழி உண்டு. கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு அதிரும் அலைநீளம், பூமியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிப் போகும் ஜன்னலில் வந்து விழுகிறது. ஆகவே கார்பன் டை ஆக்ஸைடோடு ஒப்பிட்ட புவி வெப்பமாக்கும் திறன் நூறாண்டுக் கணக்கில் ஆர்-134ஏ-வுக்கு 1430, ஆர்-32-க்கு 675. ஹைட்ரஜனே இல்லாத டெட்ராஃபுளோரோமீத்தேன் 7390, காற்றில் சுமார் 50,000 ஆண்டு இருக்கும். மாண்ட்ரீல் ஒப்பந்தத்துக்கு 2016-இல் வந்த கிகாலி திருத்தம் ஆர்-134ஏ, ஆர்-32 போன்றவற்றைக் குறைக்கத்தான். இந்தியா அதை 2021-இல் ஏற்றது.

11. அசிட்டிக் அமிலத்துல மூணு ஃபுளோரின் போட்டா மட்டும் ஏன் அவ்வளவு உக்கிரம்?

அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ (அமில வலிமையின் அளவு, எண் குறையக் குறைய வலிமை கூடும்) 4.76. ஒரு ஃபுளோரின் சேர்ந்தால் 2.6, இரண்டில் 1.3, மூன்றில் 1-க்கும் கீழே. ஒவ்வொரு அலகும் பத்து மடங்கு என்பதால், டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் பல ஆயிரம் மடங்கு வலிமை. புரோட்டான் போன பிறகு மிஞ்சும் எதிர்மின்னை மூன்று ஃபுளோரின்களும் தங்கள் பக்கம் இழுத்துப் பரப்பி ஆற்றிவிடுகின்றன. கொதிநிலையோ 118-லிருந்து 72-க்கு இறங்குகிறது. லேபில் இந்த அமிலத்தை விரும்புவதற்கு அதுதான் காரணம்: வேலை முடிந்ததும் ஆவியாக்கி வெளியேற்றிவிடலாம். மூடியைத் திறந்தால் ஈரக் காற்றில் வெண்புகை எழும். கையுறை, கண்ணாடி, ஃபியூம் ஹுட் இல்லாமல் தொடாதீர்கள்.

ஆல்கஹால்களிலும் இதே கதை. எத்தனாலின் பிகேஏ 16, டிரைஃபுளோரோஎத்தனாலுக்கு 12.4, ஹெக்ஸாஃபுளோரோஐசோபுரொப்பனாலுக்கு 9.3. கடைசியாகச் சொன்னது கிட்டத்தட்ட ஃபீனாலின் அளவு அமிலம். கொதிநிலை 58-தான், சாதாரண ஐசோபுரொப்பனாலுக்கு 82. ஹைட்ரஜனைக் கொடுக்க அதற்கு வலு அதிகம், வாங்கத் தெம்பு இல்லை, அதனால் தன்னோடு தானே பின்னிக்கொள்வது குறைவு. கொடுக்கும் வலுவால் நைலானையும் பாட்டில் பிளாஸ்டிக்கான பாலியெஸ்டரையும் அறை வெப்பநிலையிலேயே கரைக்கும். அரை லிட்டர் பாட்டில் 800 கிராம் இருக்கும்.

12. டிரைஃபுளோரோஎத்தனால் கடையில கிடைக்குது, டிரைஃபுளோரோமெத்தனால் ஏன் கிடைக்கல?

அது தன்னைத்தானே தின்றுவிடும். ஒரே கார்பனில் ஓ–ஹெச்சும் ஃபுளோரினும் இருந்தால், ஹைட்ரஜன் ஃபுளோரைடு வெளியேறி, மிச்சம் கார்பனைல் ஃபுளோரைடாக மாறிவிடும். கடுங்குளிரில் மட்டுமே பிடித்துவைக்க முடியும். எத்தனாலில் ஃபுளோரின் பக்கத்துக் கார்பனில் இருப்பதால் தப்பிக்கிறது. ஒரு கார்பன் தள்ளி இருப்பது அவ்வளவு பெரிய விஷயம்.

ஓ–ஹெச்சுக்குப் பதில் ஈதராக, அதாவது ஆக்ஸிஜனின் மறுபக்கம் கார்பனாக இருந்தால் வெளியேற ஹைட்ரஜன் இல்லை. அப்போது அதே கார்பனில் ஃபுளோரின் நிம்மதியாக இருக்கும். அடுத்த பதிலில் வரும் மயக்க மருந்துகள் பலவும் அந்த வகை.

13. மயக்க மருந்துல ஃபுளோரின் எதுக்கு?

முதலில் எரியாமல் இருக்க. முன்பு டைஎத்தில் ஈதரும் சைக்ளோபுரொப்பேனும் கொடுத்தார்கள், இரண்டும் தியேட்டரிலேயே தீப்பிடிக்கக்கூடியவை. 1951-இல் சார்ல்ஸ் சக்லிங் தயாரித்த ஹாலோத்தேன், 1956-இல் நோயாளிகளுக்கு வந்தது. எரியாது, 50 டிகிரியில் கொதிக்கும், அளவாக ஆவியாக்கலாம். ஆனால் அதில் சுமார் 20 சதவீதம் ஈரலில் சிதைந்தது. சிலருக்கு அந்தச் சிதைவுப் பொருள் ஈரல் புரதங்களில் ஒட்டிக் கடும் ஈரல் அழற்சியைக் கொடுத்தது.

ஐசோஃபுளூரேனுக்கும் டெஸ்ஃபுளூரேனுக்கும் ஒரே ஒரு அணுதான் வித்தியாசம், முன்னதில் குளோரின், பின்னதில் ஃபுளோரின். அந்த ஓர் அணுவால் உடலில் சிதைவது 0.2 சதவீதத்திலிருந்து 0.02-க்குக் குறைகிறது, கொதிநிலை 48.5-லிருந்து 23-க்கு இறங்குகிறது. நம் ஊர் அறையில் பாட்டிலைத் திறந்தால் கொதிக்கும். அதனால் சாதாரண வேப்பரைசர் உதவாது, 39 டிகிரிக்குச் சூடாக்கி அழுத்தத்தில் வைக்கும் தனிக் கருவி வேண்டும். புவி வெப்பமாக்கும் திறனும் அதிகம் என்பதால் ஸ்காட்லாந்தின் அரசு மருத்துவமனைகள் 2023-இல் டெஸ்ஃபுளூரேனைக் கைவிட்டன.

14. பிணைப்பு உடையாது, வினை புரியாதுன்னா சில ஃபுளோரின் சேர்மம் எப்படி விஷமாகுது?

உடையாததே விஷமாகலாம். தென்னாப்பிரிக்காவின் கிஃப்பிளார் செடியைத் தின்ற மாடுகள் செத்து விழுந்தன. அதிலிருந்த நஞ்சு ஃபுளோரோஅசிட்டேட் என்று 1940-களில் மரே கண்டறிந்தார். ஃபுளோரின் ஹைட்ரஜனைவிடக் கொஞ்சமே பெரியது. வான் டெர் வால்ஸ் ஆரம் 1.47, ஹைட்ரஜனுக்கு 1.2 ஆங்ஸ்ட்ராம். நொதி இதை அசிட்டேட் என்றே எடுத்துக்கொண்டு ஃபுளோரோசிட்ரேட்டாகக் கட்டிவிடுகிறது. அது அகோனிடேஸ் நொதியை அடைத்து, செல்லின் ஆற்றல் சுழற்சியையே நிறுத்துகிறது. ரூடால்ஃப் பீட்டர்ஸ் இதை விளக்கினார். நஞ்சை உடலே தயாரித்துக்கொள்கிறது.

இங்கும் இடம்தான் பேசுகிறது. நுனியில் ஒரு ஃபுளோரின் உள்ள கொழுப்பமிலங்களில், கார்பன் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் கடும் நஞ்சு, ஒற்றைப்படை என்றால் அந்த அளவுக்கு இல்லை. உடல் கொழுப்பமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக வெட்டும். இரட்டைப்படையில் கடைசியில் மிஞ்சுவது ஃபுளோரோஅசிட்டேட். மூன்று ஃபுளோரின் உள்ள டிரைஃபுளோரோஅசிட்டேட்டை அந்த நொதி ஏற்பதில்லை, ஆகவே அது இந்த வழியில் கொல்லாது.

15. ஏசி கேஸும் பிஃபாஸ் எனப்படும் "அழியா ரசாயனம்"தானா?

வரையறையைப் பொறுத்தது. பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2021-இல் வைத்த வரையறைப்படி, ஹைட்ரஜனோ குளோரினோ புரோமினோ அயோடினோ ஒட்டாமல் முழுக்க ஃபுளோரின் ஏறிய ஒரு மெத்தில் அல்லது மெத்திலீன் கார்பன் இருந்தாலே போதும். ஆர்-134ஏ, ஆர்-1234ஒய்எஃப், செவோஃபுளூரேன், டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் எல்லாம் உள்ளே வருகின்றன. ஆர்-32-உம் ஆர்-22-உம் வெளியே நிற்கின்றன.

பெயரைவிட, சிதைந்தால் என்னவாகிறது என்று கேட்பது உபயோகம். ஆர்-1234ஒய்எஃப் காற்றில் பத்துப் பதினொரு நாளில் சிதைந்துவிடும், புவி வெப்பமாக்கல் கணக்கில் அது நல்லபிள்ளை. ஆனால் சிதைந்து கிட்டத்தட்ட முழுவதும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமாக மழையில் இறங்குகிறது. அந்த அமிலத்தின் மூன்று கார்பன்–ஃபுளோரின் பிணைப்புகளை (3-ஆம் பதில்) மண்ணிலும் நீரிலும் எளிதாக உடைக்க ஆளில்லை, தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு தொல்லையைத் தீர்க்கும்போது இன்னொன்றைக் குடிநீரில் விடுகிறோமா என்று இப்போதே கவலைப்படுவது நியாயம் என்பது என் எண்ணம்.

16. ஃபுளோரின் மோசமான வெளியேறும் தொகுதின்னு படிச்சோம். சாங்கர் வினைப்பொருள்ல மட்டும் எப்படி ஓடிப்போகுது?

எம்.எஸ்சி. பிள்ளைகளைக் குழப்பும் கேள்வி. ஆல்கைல் ஃபுளோரைடில் கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் கொடுத்துக் கார்பனைத் தாக்குவது) நுழைவதும் ஃபுளோரின் வெளியேறுவதும் ஒரே படியில் நடக்கின்றன. பலமான பிணைப்பை அந்தப் படியிலேயே உடைக்க வேண்டும், அதனால் வினை மிக மந்தம்.

சாங்கர் வினைப்பொருளான டைநைட்ரோஃபுளோரோபென்சீனில் வேலை இரண்டு படி. முதலில் கருக்கவர் பொருள் வளையத்தில் ஏறுகிறது, அதுதான் மெதுவான படி. ஃபுளோரின் தான் இருக்கும் கார்பனை நேர்மின்னாக்கி வைத்திருப்பதால் ஏறுவது எளிது. பிணைப்பு உடைவது இரண்டாவது, வேகமான படி. அதன் பலம் கணக்கிலேயே வராது. அதனால் குளோரின் உள்ளதைவிட ஃபுளோரின் உள்ளது நூற்றுக்கணக்கான மடங்கு வேகம். இதை வைத்துத்தான் சாங்கர் இன்சுலினின் அமினோ முனைகளை அடையாளம் கண்டார். அவருக்கு 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது.

17. ஃபுளோரின் சேர்த்தா கொழுப்புல கரையும் தன்மை கூடும்னு எல்லாரும் சொல்றாங்க. எப்பவுமேவா?

எப்போதும் இல்லை. பென்சீனின் லாக்பி (கொழுப்பில் கரையும் தன்மையின் அளவு) 2.13, ஃபுளோரோபென்சீனுக்கு 2.27. வளையத்தில் சேர்த்தால் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் பென்டேன் 3.11, அதன் நுனியில் ஒரு ஃபுளோரின் வைத்தால் 2.33-க்கு இறங்கிவிடும். சங்கிலி நுனியில் தனியாக நிற்கும் ஃபுளோரின் பெரிய இருமுனையை உருவாக்கித் தண்ணீருக்குப் பிடித்தமாக்குகிறது. மருந்து வடிவமைப்பில் இறங்கும் பிள்ளைகள் இதை மறந்தால் கணக்கு எதிர்த்திசையில் போகும்.

18. பென்சீனும் ஹெக்ஸாஃபுளோரோபென்சீனும் ரெண்டும் திரவம். கலந்தா உறையுதாமே, நிஜமா?

நிஜம். தனித்தனியாக இரண்டும் 5 டிகிரியை ஒட்டி உறைகின்றன, இரண்டும் 80-ஐ ஒட்டிக் கொதிக்கின்றன. மோல் கணக்கில் சமமாகக் கலந்தால் 24 டிகிரியிலேயே உறைந்து படிகமாகும். 1960-இல் பேட்ரிக், பிராஸர் இருவரும் இதை வெளியிட்டார்கள். சென்னையில் ஏசி போட்ட லேபில் திடமாக இருப்பது, வராந்தாவுக்குக் கொண்டுவந்தால் உருகிவிடும். பென்சீன் புற்றுநோய் தருவது என்பதால் மூடிய குழாயில் மட்டுமே பார்க்க வேண்டும்.

பென்சீன் வளையத்தின் நடுப்பகுதி மேலும் கீழும் எலக்ட்ரான் செறிந்தது, ஓரத்து ஹைட்ரஜன்கள் சற்று நேர்மின். ஹெக்ஸாஃபுளோரோபென்சீனில் ஆறு ஃபுளோரின்களும் எலக்ட்ரான்களை ஓரத்துக்கு இழுத்துவிடுவதால் நடுப்பகுதி வெறிச்சோடி நேர்மின்னாகிறது, ஓரம் எதிர்மின். ஒன்றுக்கொன்று நேரெதிர். தனியாக இருக்கும்போது பென்சீன் வளையங்கள் முகத்துக்கு முகம் அடுக்காமல், ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தைப் பார்க்கச் சாய்ந்தே நிற்கும். ஃபுளோரின் வளையம் கூட வந்ததும் ஒன்று மாற்றி ஒன்றாக, முகத்தோடு முகம் ஒட்டித் தூண்போல அடுக்கிக்கொள்கின்றன. 4-ஆம் பதிலில் எதையும் ஒட்டவிடாத அதே ஃபுளோரின், சரியான ஜோடி கிடைத்தால் ஒட்டவும் வைக்கிறது.